ஒரு காவல் துறை நிராகரித்தது இன்னொரு காவல் துறைக்குத் தெரியுமா?

அமெரிக்காவில் காவல் பணிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பின்னணி விசாரணை குறித்துப் பெற்றோரிடமிருந்தும் விண்ணப்பதாரர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரி முடித்ததும் எங்கள் நகரக் காவல் துறைக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறினான். பின்னணி விசாரணை முடிந்த பிறகு, விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. இப்போது பக்கத்துக் கவுன்டியின் ஷெரிஃப் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறான். முதல் துறை நிராகரித்தது இவர்களுக்குத் தெரிந்துவிடுமா? நிராகரிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஏதாவது நாடு முழுவதற்கும் இருக்கிறதா? — டாலஸ் வாசகி

பதில்: தெரிந்துவிடும் என்றே வைத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் அஞ்சுவது போன்ற பட்டியல் எதுவும் கிடையாது. எஃப்.பி.ஐ. 1967-லிருந்து நடத்திவரும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் பிடியாணைகள், காணாமற்போனவர்கள், திருட்டு வாகனங்கள் போன்ற விவரங்கள் இருக்கும். கைரேகையை அனுப்பினால் கைது, வழக்கு, தண்டனை விவரங்கள் திரும்பி வரும். இன்னார் இன்ன ஊரில் காவலர் வேலைக்கு முயன்று தேறவில்லை என்ற செய்தி இவற்றில் ஏறுவதில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும், வேலைக்காகக் கைரேகை கொடுத்த செய்தி மாநிலப் பதிவேட்டில் 'விண்ணப்பதாரர்' என்ற தலைப்பில் தங்கிவிடுவதுண்டு. அதிலும் விண்ணப்பித்தது தெரியுமே தவிர, முடிவு என்ன ஆனது என்பது தெரியாது.

தமிழ்நாட்டில் வளர்ந்த பெற்றோருக்கு இந்த இடத்தில் குழப்பம் வருவது இயல்பே. அங்கே மாநிலம் முழுவதற்கும் ஒரே காவல் துறை. காவலர்களைத் தேர்ந்தெடுப்பதும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றே. அமெரிக்காவிலோ நகரம், கவுன்டி, மாநிலம், பல்கலைக்கழகம், விமான நிலையம் எனத் தனித்தனியாக ஏறக்குறைய 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவரைத் தானே தேடி, தானே விசாரித்து, தானே எடுத்துக்கொள்கிறது. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. கேட்டால்தான் போகும், கேட்பதற்கான வழியை விண்ணப்பதாரரின் கையெழுத்தே திறந்துவிடுகிறது.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் மகன் நிரப்பிய தன்விவரப் படிவத்தை நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது பக்கங்களைத் தாண்டக்கூடிய அந்தப் படிவத்தில், இதற்கு முன் எந்தெந்தக் காவல் அமைப்புகளுக்கு விண்ணப்பித்தீர்கள், எப்போது, எந்தக் கட்டம் வரை சென்றீர்கள், முடிவு என்ன என்று ஒரு பகுதி இருந்திருக்கும். அதனோடு, தன்னைப் பற்றிய தகவலை எவரும் இந்தத் துறைக்குக் கொடுக்கலாம் என்ற ஒப்புதல் கடிதம் ஒன்றில், பெரும்பாலும் நோட்டரி முன்னிலையில், கையெழுத்திட்டிருப்பார். ஷெரிஃப் அலுவலகத்தின் விசாரணையாளர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, படிவத்தில் உள்ள ஒவ்வொரு துறைக்கும் அந்த ஒப்புதலின் நகலை அனுப்பி, இவருடைய கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது. சில துறைகள் சுருக்கக் கடிதம் ஒன்றோடு முடித்துக்கொள்ளும். சில நகல் தரும். சில, நகல் தராமல், நேரில் வந்து மேசையில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லும். நேரில் போய்ப் படிப்பதையே விரும்பும் விசாரணையாளர்களும் உண்டு. சுருக்கக் கடிதத்தில் வராத ஓரக்குறிப்புகள் கோப்பில்தான் இருக்கும்.

இப்போது இதற்கென்றே மென்பொருள்களும் வந்துவிட்டன. ஈசோஃப், கார்டியன் ஆகிய தனியார் சேவைகளைப் பல துறைகள் பயன்படுத்துகின்றன. விண்ணப்பதாரர் படிவத்தை இணையத்திலேயே நிரப்புவார். அதே சேவையைப் பயன்படுத்தும் வேறொரு துறையும் இவரை விசாரித்திருந்தால், அந்தச் செய்தி விசாரணையாளருக்குத் தெரியவரும். கோப்பின் உள்ளடக்கம் அப்படியே கைமாறிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்துத் துறைகளின் விசாரணையாளர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே இளைஞர்கள்தான் எல்லாத் துறைகளுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். தொலைபேசியை எடுத்துக் கேட்க அதிக நேரம் ஆகாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிராகரிக்கப்பட்டது மட்டுமே உங்கள் மகனுக்குத் தடையாகிவிடாது. ஒவ்வொரு துறைக்கும் அளவுகோல் வேறு. போதைப்பொருளைக் கடைசியாகத் தொட்டு எத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், எத்தனை போக்குவரத்து அபராதங்கள் வரை பொறுத்துக்கொள்வது, கடன் நிலுவையை எப்படிப் பார்ப்பது என்பவற்றில் பக்கத்துப் பக்கத்துத் துறைகளே மாறுபடுகின்றன. இடம் நிரம்பிவிட்டதாலோ, இவரைவிடத் தகுதியானவர் கிடைத்ததாலோகூட அந்த இரண்டு வரிக் கடிதம் வந்திருக்கலாம்.

கேள்வி: முன்பு இரண்டு துறைகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றில் எழுத்துத் தேர்வோடு நின்றுவிட்டது. மற்றொன்றில் விசாரணையின் நடுவில் விலகிக்கொண்டேன். கேட்டால் மட்டும் சொல், தானாகப் போய் எழுதாதே என்கிறான் நண்பன். எழுதாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? — ஃப்ரீமான்ட் வாசகர்

பதில்: படிவமே கேட்கிறதே, இதற்குமேல் யார் கேட்க வேண்டும்? நண்பரின் யோசனையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காவல் பணி விண்ணப்பத்தில் மறைத்தல் ஏன் மற்றெல்லாக் குறைகளையும்விடப் பெரிதாகக் கருதப்படுகிறது என்பதற்கு நீதிமன்றம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. 1963-ல் பிரேடி – மேரிலாந்து வழக்கிலும், 1972-ல் ஜிக்லியோ வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றுகளை மட்டுமன்றி, அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் செய்திகளையும் எதிர்த்தரப்புக்கு அரசு வழக்கறிஞர் கொடுத்தாக வேண்டும். காவலர் என்பவர் நாளெல்லாம் சாட்சி சொல்லக் கூடியவர். பணிக்கு வரும்போதே பொய் சொன்னவர் என்று கோப்பில் ஒரு வரி இருந்தால், அவர் கைது செய்யும் ஒவ்வொரு வழக்கிலும் அந்த வரி மேசைக்கு வரும். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு துறை என்ன செய்ய முடியும்? அதனால்தான், பழைய தவறுகளை விளக்கம் கேட்டுக் கடந்துபோகும் துறைகள்கூட, மறைத்தலைக் கண்டால் அங்கேயே கோப்பை மூடிவிடுகின்றன. வேலையில் சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தாலும் அது பணிநீக்கத்துக்குப் போதுமான காரணமாகும்.

நடைமுறையில் பலரைச் சிக்கவைப்பது, முழுப் பொய்யைவிட, இரண்டு படிவங்களுக்கு இடையிலான வேறுபாடுதான். முதல் துறையின் படிவத்தில், கல்லூரியில் மூன்று நான்கு முறை கஞ்சா புகைத்ததாக எழுதியிருப்பார். இரண்டாவது துறைக்கு 'ஒரே ஒரு முறை' என்று எழுதுவார். உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்ததை ஓரிடத்தில் 'நானே விலகினேன்' என்றும், மற்றோரிடத்தில் 'நிறுத்திவிட்டார்கள்' என்றும் குறிப்பிட்டிருப்பார். விசாரணையாளர் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படிப்பார். வேறுபடும் இடங்களில் மஞ்சள் கோடு விழும். பிறகு நேர்காணலில் முதல் கேள்வி அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். இவற்றில் பாதி நினைவுப் பிசகாகவே இருக்கும் என்பது விசாரணையாளருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் அது பிசகு. அவர் காட்டிய பிறகு சொன்னால் வேறு பெயர்.

ஆகவே, இதுவரை கொடுத்த ஒவ்வொரு படிவத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். புதிய படிவத்தை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள். பழைய படிவத்தில் தவறாக எழுதியிருந்தால், புதியதில் சரியானதை எழுதி, முன்பு இன்னவாறு எழுதியது தவறு என்று கூடுதல் தாளில் விளக்கிவிடுங்கள். எழுத்துத் தேர்வோடு நின்றதையும் எழுத வேண்டும். 'விண்ணப்பித்த' துறைகளைத்தான் படிவம் கேட்கிறது, தேறிய துறைகளை அல்ல.

கேள்வி: என் மகள் அந்த ஒப்புதல் கடிதத்தில் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டாள். எவர் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம், அவர்கள் மீது வழக்குத் தொடுக்கமாட்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இதைத் திரும்பப் பெற முடியுமா? பழைய முதலாளி வன்மத்தில் ஏதாவது சொல்லிவிட்டால்? — எடிசன் வாசகர்

பதில்: எழுத்து மூலம் திரும்பப் பெறலாம், ஆனால் திரும்பப் பெற்ற கையோடு விண்ணப்பமும் முடிந்துவிடும். கையெழுத்திட மறுத்தாலும் அப்படித்தான். பொதுவாக அந்தக் கடிதத்துக்குக் காலவரம்பு குறிப்பிடப்பட்டிருக்கும்; அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்குத் தொடுக்கமாட்டேன் என்ற வாசகம் ஏன் வந்தது என்று தெரிந்தால் பயம் குறையும். அவதூறு வழக்குக்கு அஞ்சி, முன்னாள் பணியாளரைப் பற்றிச் சேர்ந்த தேதி, விலகிய தேதி தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று பெரும்பாலான நிறுவனங்கள் முடிவெடுத்துவிட்டன. காவல் வேலைக்கு அது போதாது என்பதால் சில மாநிலங்கள் சட்டமே இயற்றின. கலிபோர்னியாவில் அரசுச் சட்டத் தொகுப்பின் 1031.1-ஆம் பிரிவு, நோட்டரி சான்றளித்த ஒப்புதலோடு காவல் அமைப்பு எழுத்து மூலம் கேட்டு, அதை அலுவலர் நேரில் கொண்டுவந்து கொடுத்தால், முன்னாள் முதலாளி பணிவிவரங்களைத் தந்தாக வேண்டும் என்கிறது. விண்ணப்பங்கள், பணித்திறன் மதிப்பீடுகள், ஒழுங்கு நடவடிக்கைகள், மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்பது வரை அதில் அடங்கும். மறுத்தால் நீதிமன்றத்தின் மூலம் கட்டாயப்படுத்தலாம். மினசோட்டாவிலும் ஃபுளோரிடாவிலும் இதேபோன்ற சட்டங்கள் இருக்கின்றன. முதலாளி என்ற சொல்லில் இன்னொரு காவல் துறையும் அடங்குவதால், முன்பு காவலராக இருந்தவரின் கோப்பைப் பெறுவதற்கும் இதே பிரிவுதான் உதவுகிறது.

நல்லெண்ணத்துடன் உண்மையைச் சொன்னவருக்குத்தான் பாதுகாப்பு. வேண்டுமென்றே பொய்யைச் சொன்னவரைக் காப்பாற்றுவதற்காக இந்தச் சட்டங்கள் எழுதப்படவில்லை. நீங்கள் அஞ்சுகிற அந்த முதலாளியைப் பொறுத்தவரை, மகள் முந்திக்கொள்வதே சிறந்தது: அந்த இடத்தில் மேலாளரோடு பிணக்கு இருந்தது, காரணம் இன்னது, அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் இன்னார் என்று படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒருவர் மட்டும் கசப்பாகவும் மற்ற மூவர் நல்லபடியாகவும் பேசினால், அதை எடைபோடத் தெரியாதவர்கள் அல்லர் விசாரணையாளர்கள்.

கேள்வி: பாலிகிராஃப் எனப்படும் பொய் கண்டறியும் சோதனை, உளவியல் சோதனை ஆகியவற்றின் முடிவுகளும் பகிரப்படுமா? — சிகாகோ வாசகர்

பதில்: இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. உளவியல் மற்றும் மருத்துவச் சோதனைகளை, 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, நிபந்தனையுடன் கூடிய பணி வாய்ப்பைக் கொடுத்த பிறகே நடத்தலாம். அவற்றின் அறிக்கைகளை மற்றக் கோப்புகளிலிருந்து பிரித்து, தனியாக, இரகசியமாக வைக்க வேண்டும். ஆகையால் பின்னணிக் கோப்பைப் படிக்க வரும் வேறு துறைக்காரரின் முன் அந்த அறிக்கை வைக்கப்படுவதில்லை. தேவையென்றால் அதற்கெனத் தனி ஒப்புதல் கேட்பதே வழக்கம். ஆனால் புதிய துறை, தான் பணி வாய்ப்பைக் கொடுத்த பிறகு, இதற்கு முன் வேறு துறைக்காக இத்தகைய சோதனைக்குச் சென்றதுண்டா என்று உங்களையே கேட்கலாம்.

பாலிகிராஃப் அப்படியல்ல. தனியார் முதலாளிகள் அதைப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. அரசு அமைப்புகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. அது மருத்துவச் சோதனையாகவும் கருதப்படுவதில்லை என்பதால், தேறினாரா இல்லையா என்பதும், சோதனைக்கு முந்தைய பேச்சில் விண்ணப்பதாரர் தாமே ஒப்புக்கொண்டவையும் பின்னணிக் கோப்பிலேயே இருப்பது உண்டு. கருவி வரைந்த கோடுகளைவிட அந்த ஒப்புக்கொள்ளல்களுக்கே அடுத்த துறை மதிப்புக் கொடுக்கும். வெளியில் எவ்வளவு தரலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

கேள்வி: புதியவர்களை இவ்வளவு துருவுகிறார்கள். ஆனால் ஓர் ஊரில் வேலையிழந்த காவலர் அடுத்த ஊரில் சேர்ந்துவிட்டார் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது எப்படி? — அட்லாண்டா வாசகி

பதில்: நியாயமான கோபம். உங்கள் கேள்விக்கு க்ளீவ்லாண்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2014 நவம்பரில் விளையாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனை அந்நகரக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தக் காவலர் அதற்கு முன் ஒஹையோ மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் என்ற சிறு நகரத்தில் பணியில் சேர்ந்து, 2012 இறுதியில் விலகியவர். துப்பாக்கிப் பயிற்சியின்போது மனம் கலங்கி நின்றார், இவரைத் தொடர்ந்து வைத்திருப்பது சரியல்ல என்று அங்கிருந்த மேலதிகாரி எழுதிவைத்த குறிப்பு அவருடைய பணிக்கோப்பில் இருந்தது. க்ளீவ்லாண்ட் அவரை எடுத்துக்கொள்ளும் முன் அந்தக் கோப்பை வாங்கிப் பார்க்கவில்லை. 2017-ல் அவரைப் பணிநீக்கம் செய்தபோது சொல்லப்பட்ட காரணமும் துப்பாக்கிச் சூடு அல்ல. விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தது. அதன் பிறகும் 2022-ல் பென்சில்வேனியாவில் டியோகா என்ற சிற்றூர் அவரை வேலைக்கு எடுத்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் விலகிக்கொண்டார்.

கோப்பு இருந்தது, ஒப்புதல் பெறும் வழியும் இருந்தது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. உள்ளூர்க் காவல் துறைகளில் ஏறக்குறைய பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான முழுநேர அலுவலர்களே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட துறையில் பின்னணி விசாரணைக்கென்று தனி ஆள் இருக்கமாட்டார். பயிற்சி முடித்த ஒருவர் தானாக வந்து நின்றால், அகாடமிச் செலவு மிச்சம் என்று எடுத்துக்கொள்ளும் ஆசையும் இருக்கும். கொடுக்கும் தரப்பிலும் குறை உண்டு: வழக்கு வேண்டாம் என்று, விலகல் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, இருவரும் எதையும் வெளியில் சொல்வதில்லை என உடன்படிக்கை செய்துகொள்ளும் துறைகள் இருக்கவே செய்கின்றன.

காவலராகப் பணியாற்ற மாநிலம் தரும் சான்றிதழ் பறிக்கப்பட்டவர்களுக்காக ஐ.ஏ.டி.எல்.இ.எஸ்.டி. என்ற மாநிலப் பயிற்சி ஆணையங்களின் சங்கம் ஒரு தேசியக் குறியீட்டுப் பட்டியலை நடத்துகிறது. அதில் முழு விவரம் கிடைக்காது. இந்த மாநிலத்தில் இவருடைய சான்றிதழ் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, அங்கே விசாரியுங்கள் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே அது. சான்றிதழ் பறிபோகாமல் வேலையை மட்டும் இழந்தவர் அதில் வரமாட்டார். கூட்டாட்சிக் காவல் அலுவலர்களின் நடத்தைப் பதிவுகளுக்கென 2022-ஆம் ஆண்டின் அதிபர் ஆணைப்படி உருவாக்கப்பட்ட தரவுத்தளம் 2023 டிசம்பரில் செயல்படத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அந்த ஆணை இரத்தானதும் அதுவும் மூடப்பட்டது. ஆக, இப்போது நம்ப வேண்டியது மாநிலச் சட்டங்களைத்தான். கொலராடோ 2016-லேயே, முன்பு வேறு துறையில் இருந்தவரிடம் கோப்புகளைக் காட்டும் ஒப்புதலைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. பென்சில்வேனியா 2020-ல், விலகிய காவலர்களின் பதிவுகளை மாநில அளவில் சேர்த்துவைக்கவும், வேலைக்கு எடுக்கும் முன் அதைப் பார்க்கவும் சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸ் 2021-ல், முந்தைய துறைகளின் பணிக்கோப்புகளைப் பெற்றுப் படித்த பிறகே வேலை தரலாம் என்று விதித்தது. படிக்காமல் எடுக்க முடியாது என்ற இந்த மூன்றாவது வகை விதியே பயன் தரக்கூடியது என்பது என் கருத்து. பட்டியல்களை எத்தனை உருவாக்கினாலும், திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்காவிட்டால் க்ளீவ்லாண்டில் நடந்ததே மறுபடியும் நடக்கும்.

கேள்வி: என்னைப் பற்றிய பின்னணிக் கோப்பை நான் பார்க்க முடியாதா? — சியாட்டில் வாசகர்

பதில்: எஃப்.பி.ஐ., சீக்ரெட் சர்வீஸ் போன்ற கூட்டாட்சி அமைப்பு என்றால் 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி கேட்கலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்போருக்கும் அந்த உரிமை உண்டு. பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதியின் பேரில் பேசியவர்களின் அடையாளத்தை மட்டும் மறைத்துவிட்டுத் தருவார்கள். அந்தச் சட்டம் நகர, கவுன்டி, மாநிலத் துறைகளைக் கட்டுப்படுத்தாது. அங்கெல்லாம் மாநிலத்தின் பொதுப் பதிவேடுகள் சட்டம்தான். பின்னணி விசாரணைக் கோப்புகளுக்கு அதில் பெரும்பாலும் விலக்கு இருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதலிலேயே, கோப்பைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தாலும் வியப்பதற்கில்லை. மற்றொரு துறை படிக்கலாம், சம்பந்தப்பட்டவர் படிக்கக் கூடாது என்பது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தாரும் பழைய மேலாளர்களும் மனம் திறந்து பேச வேண்டுமென்றால் இந்த மறைப்பு வேண்டும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை.

கடன் அறிக்கையில் மட்டும் நிலைமை வேறு. கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து அறிக்கை வாங்குவதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அதை வைத்து உங்களை நிராகரிப்பதாக இருந்தால், முன்கூட்டியே அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். அதில் பிழை இருந்தால் அந்த நிறுவனத்திடமே முறையிட்டுத் திருத்தலாம்.

கேள்வி: என் தங்கை பத்தொன்பது வயது வரை கோயம்புத்தூரில் இருந்தவள். அந்தக் காலத்தை இங்குள்ள துறை எப்படி விசாரிக்கும்? — ஹூஸ்டன் வாசகர்

பதில்: இந்தியக் காவல் நிலையத்துக்கு இங்குள்ள விசாரணையாளர் நேரடியாகக் கடிதம் போடுவது அரிது. பாஸ்போர்ட் அலுவலகமோ இந்தியத் துணைத் தூதரகமோ வழங்கும் பி.சி.சி. எனப்படும் காவல் துறைச் சான்றையும், பள்ளி, கல்லூரிச் சான்றுகளையும், அங்கே அவரை அறிந்தவர்களின் தொலைபேசி எண்களையும் கேட்பார்கள். முகவரிகளை வரிசையாக எழுதும்போது விடுதி, உறவினர் வீடு எதையும் விட்டுவிடக் கூடாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் இங்குள்ள பெயரும் முதலெழுத்து இடம் மாறி வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்பதற்கு ஆவணம் இணைத்துவிட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் குடியுரிமைத் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பல துறைகள் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுக்கின்றன; கலிபோர்னியா அந்த நிபந்தனையை 2022-ல் இயற்றிய சட்டத்தால் நீக்கிவிட்டது.

கேள்வி: இங்கே தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர், விடுதலையான ஒரு பழைய வழக்கைச் சரிபார்ப்புப் படிவத்தில் எழுதாமல் விட்டால்? — மதுரை வாசகர்

பதில்: தமிழ்நாட்டிலும் மறைத்தலே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சரிபார்ப்புப் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும், மறைத்தது அற்பமான விஷயமா, கடுமையான குற்றமா என்பதைப் பார்த்துப் பணியமர்த்தும் அதிகாரி முடிவெடுக்கலாம் என்றும் வழிகாட்டியது. உண்மையைச் சொல்லிவிட்டாலும், முன்வரலாற்றைக் கருதி வேலை தர மறுக்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. ஆனால் சொன்னவருக்கு வாதாட இடமிருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது என்பதற்கான தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட இடத்தில் எழுதிவிடுங்கள். காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து அந்த வழக்கு எப்படியும் தனிப்பிரிவுக்காரர் கையில் வந்துவிடும்.

கேள்வி: விசாரணை சரியாகப் போகவில்லை என்று தோன்றினால், நிராகரிக்கும் முன் நாமே விலகிவிடுவது நல்லது என்கிறார்களே? — டாம்பா வாசகி

பதில்: விலகினாலும் அதுவரை சேர்ந்த கோப்பு அழிந்துவிடாது, அடுத்த துறை கேட்டால் அதுதான் போகும். படிவமும் நிராகரிக்கப்பட்டதை மட்டும் கேட்பதில்லை. விலகியதையும் காரணத்தோடு கேட்கிறது. வேறு துறையில் வேலை கிடைத்துவிட்டது, ஊர் மாறுகிறேன் என்பது போன்ற உண்மையான காரணம் இருந்தால் எழுத்து மூலம் விலகி, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாலிகிராஃப் சோதனைக்கு முந்தைய நாள் காரணம் சொல்லாமல் விலகினால், அடுத்த விசாரணையாளர் அந்தத் தேதியைப் பார்த்த மாத்திரத்தில் தமக்குத் தேவையானதை ஊகித்துக்கொள்வார். சந்தேகம் எதைப் பற்றியது என்று தெரிந்தால், விலகுவதற்குப் பதிலாக விசாரணையாளரை அழைத்துப் பேசி, விடுபட்டதை எழுத்தில் கொடுக்க அனுமதி கேளுங்கள். அந்தத் தாளும் கோப்பில் சேரும். அடுத்த துறைக்காரர் படிக்கும்போது உங்கள் விளக்கமும் அங்கே இருக்கும்.